டிரங்குப் பெட்டிக் காகிதங்களும் காயலான் கடை ஸ்கேனரும்

2023 டிசம்பர் 3ஆம் தேதி ராத்திரி பிடித்த மிக்ஜாம் புயல் மழை மறுநாள் முழுக்க விடவில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பினால் வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வர அதிக நேரம் ஆகாது. கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டது என்று கேள்விப்பட்ட உடனேயே அம்மா அரிசி மூட்டை, சிலிண்டர், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்றச் சொல்லிவிட்டார். கட்டிலுக்கு அடியில் கிடந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டி மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். மில் 1996இல் மூடியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெட்டியை யாரும் கலைக்கவில்லை. மில் அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், பிஎஃப் காகிதங்கள், மெட்ராஸ் லேபர் யூனியனுக்குக் கட்டிய சந்தா ரசீதுகள், உருளை மையில் அச்சடித்த சங்க நோட்டீஸ்கள், கொஞ்சம் போட்டோக்கள். அந்தச் சங்கம் 1918இல் இதே பெரம்பூர் மில் தொழிலாளிகளுக்காகத் தொடங்கியது, எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசாத பெரியவர்கள் கிடையாது. தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. அத்தை ஒரு வார்த்தை பேசாமல் தினத்தந்தி தாள்களை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து ஃபேன் அடியில் வைத்தார், நான்கு நாள். அப்புறம் என்னிடம், "இனிமே தண்ணி வந்தா இதுவும் மிஞ்சாது, நைனாவோட பேப்பரு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுடா" என்றார்.

ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யலாம்தான். ஆனால் காய்ந்த பிறகு அந்தத் தாள்கள் அப்பளம் மாதிரி இருந்தன. அவசரத்தில் வேலை பார்க்கும் கடைப் பையன் கையில் கொடுக்க எனக்கு மனது வரவில்லை. கடையில் உள்ள பெரிய மெஷின்களில் தாளை மேலே அடுக்கி இழுக்க விடுவார்கள், இந்தத் தாளை அதில் விட்டால் அதோடு முடிந்தது. கண்ணாடி மேல் படுக்க வைக்கும் ஸ்கேனர்தான் வேண்டும், அதுவும் என் வீட்டிலேயே, என் நேரத்துக்கு. மூலக்கடை பக்கம் ஒரு காயலான் கடையில் உடைந்த கீபோர்டுகளுக்கு நடுவில் கேனான் லைட் 25 ஒன்று கிடந்தது. ஒயர் கிடையாது, வேலை செய்யுமா என்று கடைக்காரருக்கும் தெரியாது. 150 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தேன்.

வீட்டில் இருப்பது ஒரு பழைய டெஸ்க்டாப், டெபியன் 12 லினக்ஸ் போட்டது. அதில் வேறு இயக்குதளம் எதுவும் இல்லை, அக்கா மகள் வீட்டுப்பாடம் செய்வதும் அதில்தான். இந்தப் பதிவை எழுதுவதற்கு முக்கியக் காரணம், ஸ்கேனர் ஓடாதபோது நான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று ராத்திரியை வீணாக்கினேன், கீழிருந்து படிப்படியாகப் போயிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். கமாண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், உச்சரிப்பை வைத்து ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வீட்டில் கிடந்த பிரிண்டர் ஒயரைச் செருகினேன். மேஜையில் இடம் இல்லை என்று ஸ்கேனரைத் தள்ளி வைத்து நடுவில் ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரும் போட்டிருந்தேன். டெர்மினலில் (கமாண்ட் தட்டும் திரை) 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுத்தால் மவுஸ் தெரிகிறது, கீபோர்டு தெரிகிறது, ஸ்கேனர் இல்லை. உடனே நான் செய்தது டிரைவர் தேடியதுதான். அது தப்பு. இந்தக் கமாண்ட் டிரைவரைப் பற்றிக் கேட்பதே இல்லை, கம்பியின் அந்தப் பக்கம் ஏதாவது சாதனம் தன் பெயரைச் சொல்கிறதா என்று மட்டும்தான் காட்டும். அதிலேயே பெயர் வராதபோது டிரைவரை எத்தனை தடவை நிறுவினாலும் ஒன்றும் ஆகாது. முன்னால் 'சூடோ' (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டச் சொல்வது) போட்டு 'டிமெசேஜ்' (எழுத்தில் டி, எம், ஈ, எஸ், ஜி) கொடுத்துக் கடைசி வரிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சாதன விவரத்தைப் படிக்க முடியவில்லை, பிழை கழித்தல் 71 என்று திரும்பத் திரும்ப வந்திருந்தது. இந்த 71ஐப் பார்த்தால் பெரும்பாலும் ஒயர், இணைப்பு, மின்சாரம் இவற்றில் ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்த ஸ்கேனருக்குத் தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி ஒயரில் வரும் மின்சாரத்தில்தான் விளக்கும் மோட்டாரும் ஓடுகின்றன. யூஎஸ்பி 2 துளை ஒன்றில் கிடைப்பது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு, ஒன்றரை மீட்டர் ஒயரை மட்டும் டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் நேராகச் செருகினேன். முன்பக்கத் துளைகள் கேபினெட்டுக்குள் இன்னொரு ஒயர் வழியாகத்தான் போர்டுக்குப் போகின்றன, அதனால் பின்பக்கம். இப்போது 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுத்ததும் 04ஏ9:2220 என்ற எண்ணோடு ஸ்கேனர் பெயர் வந்தது. முதல் பாதி நிறுவனத்தின் எண், இரண்டாவது பாதி மாடலின் எண். பழைய ஸ்கேனர் வாங்குகிறவர்கள் பெட்டி மேல் எழுதியிருக்கும் பெயரைவிட இந்த எட்டு எழுத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே குடும்பப் பெயரில் உள்ளே வேறு வேறு சிப் போட்ட மாடல்கள் இருக்கின்றன. லைட் 25க்கு 'பிளஸ்டெக்' என்ற பின்தளம், லைட் 110க்கு 'ஜெனிசிஸ்' என்ற வேறொரு பின்தளம். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

பின்தளம் என்று சொல்வது சேன் தொகுப்பில் உள்ள டிரைவர்களை. லினக்ஸில் ஸ்கேனர் என்றாலே பெரும்பாலும் சேன்தான். சிம்பிள் ஸ்கேன், எக்ஸ்சேன் என்று நாம் திறக்கும் நிரல் எதுவானாலும் அடியில் சேன் போய் ஸ்கேனரிடம் பேசும். டெபியனில் 'சேன்-யூட்டில்ஸ்', 'சிம்பிள்-ஸ்கேன்' இரண்டையும் நிறுவினால் போதும். லைட் 25க்கு வேறெதையும் தரவிறக்க வேண்டியதில்லை. சில பழைய ஸ்கேனர்களுக்கு ஃபர்ம்வேர் (ஸ்கேனருக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) கோப்பு ஒன்றைத் தனியாகத் தேடி வைக்க வேண்டும், அதனால் வாங்கும் முன் சேன் தளத்தில் உள்ள ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த படி 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்'. அது ஸ்கேனரைக் கண்டுபிடித்துச் சொன்னது. அதற்கடுத்து 'ஸ்கேன்இமேஜ்', ஒரு இடைவெளி, கழித்தல் குறி, பெரிய எல். இது ஒன்றும் இல்லை என்றது. முன்னாடியே சூடோ போட்டுக் கொடுத்தால் அழகாக வருகிறது, போடாவிட்டால் இல்லை. அப்படியென்றால் டிரைவரில் பிரச்சினை இல்லை, அனுமதியில்தான் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதன் காரணம் எனக்குப் புரிய ஒரு முழு ராத்திரி ஆயிற்று. டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு, அந்த மெஷினில் செருகிய ஸ்கேனரைத் தொட சிஸ்டமே தானாக அனுமதி கொடுத்துவிடும். நான் அன்றைக்கு மெஷின் முன்னால் இல்லை. ஹாலில் அக்கா மகள் தூங்குகிறாள் என்று உள் ரூமில் லேப்டாப்பில் உட்கார்ந்து எஸ்எஸ்ஹெச் வழியாக டெஸ்க்டாப்புக்குள் நுழைந்திருந்தேன். அப்படி வருகிறவரை சிஸ்டம் நேரில் உட்கார்ந்தவராக எடுத்துக்கொள்ளாது, அந்தத் தானியங்கி அனுமதியும் கிடையாது. அதற்கு டெபியன் வைத்திருக்கும் வழி 'ஸ்கேனர்' என்ற பயனர் குழு. 'சூடோ ஆட்யூசர்' என்று தட்டி, உங்கள் பயனர் பெயர், பிறகு 'ஸ்கேனர்' என்று கொடுத்தால் அந்தக் குழுவில் சேர்ந்துவிடுவீர்கள். சேர்த்த கையோடு முயற்சி செய்தால் பழைய பதிலே வரும். முழுக்க லாக் அவுட் செய்துவிட்டுத் திரும்ப வந்தால்தான் குழு ஏறும். தயவுசெய்து எப்போதும் சூடோ போட்டே ஸ்கேன் செய்துகொண்டு போகாதீர்கள். கோப்புகள் எல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் உட்கார்ந்துகொள்ளும், வீட்டில் மற்றவர்களால் அவற்றைத் திருத்தவோ பெயர் மாற்றவோ முடியாது.

சரி, ஸ்கேனர் கிடைத்துவிட்டது, முதல் ஸ்கேன் கொடுத்தேன். உள்ளே கறகற என்று பல் உரசும் சத்தம், உடனே ஒயரைப் பிடுங்கினேன். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சின்னதாக ஒரு தாழ்ப்பாள், பக்கத்தில் பூட்டின் படம். தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே இருக்கும் சென்சார் தண்டு ஆடாமல் இருக்கப் பூட்டி வைப்பது அது. காயலான் கடைக்கு வந்த ஸ்கேனர் பூட்டியபடியேதான் வந்திருக்கிறது. பூட்டைத் தள்ளியதும் தண்டு மெல்ல நகர்ந்து போய்த் திரும்பி வந்தது. பழைய ஸ்கேனர் வாங்கினால் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள், மோட்டாரின் பல்சக்கரம் பிளாஸ்டிக், ரொம்ப நேரம் தாங்காது.

முதல் தாள் நன்றாக வந்தது. இரண்டாவது தாள் வைத்து அழுத்தினால் அப்படியே நின்றது. ஒயரைப் பிடுங்கிச் செருகினால் இன்னொரு தாள் வரும், மறுபடி நிற்கும். ஒரு தடவை விட்டு ஒரு தடவை ஓடுவது என்பது யூஎஸ்பி 3 துளையில் பழைய ஸ்கேனரைச் செருகும்போது வரும் பழகிய நோய். பின்பக்கத்தில் நான் செருகியிருந்தது நீல நிறத் துளை. கறுப்புத் துளைக்கு மாற்றினேன், அதோடு தீர்ந்தது. சில புது மெஷின்களில் கறுப்புத் துளையே இருக்காது, இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே ஒரே கட்டுப்பாட்டுச் சிப்புக்குத்தான் போகும். அப்படிப்பட்டவர்கள் நடுவில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2 ஹப் வைத்துப் பார்க்கலாம், தனி அடாப்டர் உள்ள ஹப் என்றால் மின்சாரக் கவலையும் தீரும். இல்லையென்றால் 'சேன்_யூஎஸ்பி_ஒர்க்அரவுண்ட்' என்ற சூழல் மாறியை (நிரல் ஓடும் முன் வைக்கும் ஓர் அமைப்பு), எல்லாம் பெரிய எழுத்தில், 1 என்று வைத்துவிட்டு ஸ்கேன் கொடுக்கலாம். இந்த நோய்க்கென்றே சேன் எழுதியவர்கள் வைத்த மருந்து அது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிளஸ்டெக் பின்தளத்தை எழுதியவர் கெர்ஹார்ட் யேகர். சேனில் இப்படி ஒவ்வொரு பின்தளத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கையில் ஒரு ஸ்கேனரை வைத்துக்கொண்டு அது பேசும் பாஷையைக் கற்றுக்கொண்டு எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார். பழைய இரும்பாக எடைக்குப் போக இருந்த ஒரு சாதனத்தில் இன்றைக்கு என் தாத்தாவின் கையெழுத்து தெரிகிறது என்றால் அது அவர்கள் போட்ட உழைப்பு. எனக்கு இதில் உண்மையான நன்றி இருக்கிறது.

படம் வந்ததே தவிர அதில் மேலிருந்து கீழ்வரை இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தன. தாளில் அழுக்கு இருந்தால் அது புள்ளியாக விழும். நீளக் கோடாக விழுந்தால் அழுக்கு சென்சார் தண்டின் மேல் இருக்கிறது, அல்லது கண்ணாடியின் ஓரத்தில் சட்டத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையில் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் ஸ்கேனர் முதலில் அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் வெள்ளை எது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது, அங்கே ஒரு தூசு இருந்தால் தாள் முழுக்க அதே இடத்தில் கணக்கு தப்பும். ஒயரைக் கழற்றிவிட்டு மேல் சட்டத்தை மெதுவாக நெம்பி எடுத்தேன், இது மாடலுக்கு மாடல் மாறும். உள்ளே கரப்பான் எச்சமும் லாரித் தூசியும் ஒரு படலமாக இருந்தன, எருக்கஞ்சேரி ரோடு பக்கம் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து வைத்தவர்களுக்கு அந்தத் தூசி தெரியும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராக அடிக்கக் கூடாது, ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். துணியில் கொஞ்சம் நனைத்துத் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து மூடினேன். கோடு போய்விட்டது.

இந்த வகை ஸ்கேனரில் தாள் கண்ணாடியை ஒட்டி இருந்தால்தான் கூர்மையாக விழும். உள்ளே பெரிய லென்ஸும் கண்ணாடிகளும் கிடையாது, சென்சார் தண்டே தாளுக்கு மிக அருகில் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் மங்கிவிடும். தண்ணீரில் நனைந்து காய்ந்த தாள் எங்கே தட்டையாக இருக்கும்? மூடியை மூடி அதன்மேல் பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றை வைத்தேன், அந்த அளவு எடை போதும், அதற்கு மேல் வைத்தால் கண்ணாடிக்கு ஆபத்து. போட்டோ என்றால் முழுக்கக் காய்ந்ததா என்று தடவிப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அதன் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரியும்.

சம்பளச் சீட்டு, ரசீது எல்லாம் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. போட்டோ மட்டும் 600. ஏ4 தாளை 300இல் கலரில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு மூன்று பைட், ஆக மொத்தம் 26 எம்பி. 600 என்றால் அதன் நான்கு மடங்கு, 104 எம்பி. இந்த ஸ்கேனர் பேசுவது பழைய 12 மெகாபிட் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஒன்றரை எம்பி கூடத் தேறாது, அதனால் 600இல் ஒரு முழுத் தாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கறுப்பு வெள்ளைத் தாளாக இருந்தாலும் நான் கலரிலேயே எடுத்தேன். நீல மை, சிவப்பு முத்திரை, தண்ணீர்க் கறை மூன்றையும் பின்னால் பிரித்துப் பார்க்கக் கலர்தான் உதவும். கோப்பு பிஎன்ஜியாக இருக்கட்டும், ஜேபெக் வேண்டாம்.

ஒவ்வொரு தாளுக்கும் சிம்பிள் ஸ்கேனைத் திறந்து சேமித்துப் பெயர் கொடுப்பது அத்தையால் ஆகாது என்பதால் 'ஸ்கேன்இமேஜ்' கமாண்டையே ஒரு சின்ன ஸ்கிரிப்டில் போட்டு அதற்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் வைத்தேன். அதில் 'பேட்ச்' என்ற தெரிவும் 'பேட்ச்-பிராம்ப்ட்' என்ற தெரிவும் இருக்கின்றன. இரண்டையும் கொடுத்தால் ஒரு தாள் முடிந்ததும் காத்திருக்கும், தாளை மாற்றி எண்டர் தட்டினால் அடுத்த எண்ணில் சேமிக்கும். ஸ்கிரிப்டில் ஸ்கேனரின் முழுப் பெயரைப் போடாதீர்கள். அதில் உள்ள 001:005 போன்ற எண் ஒவ்வொரு முறை ஒயரைப் பிடுங்கிச் செருகும்போதும் மாறும், இரண்டாவது நாளே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். வெறும் 'பிளஸ்டெக்' என்று கொடுத்தால் போதும். அத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது தாள், பதினோரு நாளில் 214 தாள் எடுத்துவிட்டார். வரிசை மாறாமல், பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து.

அதற்கப்புறம் எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்ற டெசராக்ட் போட்டேன். டெபியனில் தமிழுக்குத் தனிப் பொதி இருக்கிறது, மொழிக் குறி 'டேம்' (தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் மூன்று எழுத்து), ஆங்கிலமும் கலந்த தாள் என்றால் நடுவில் கூட்டல் குறி போட்டு 'எங்' சேர்க்க வேண்டும். டைப் அடித்த ஆங்கிலச் சீட்டுகளில் நன்றாக வந்தது. சங்க நோட்டீஸ்களில் தடுமாறியது. அவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட எழுத்துகள், ணா, றா, னா எல்லாம் சுழித்துச் சேர்த்தவை. அந்தச் சீர்திருத்தத்தில் மாறியவை மொத்தம் 13 எழுத்து. 'வேலை நிறுத்தம்' என்ற சொல்லே ஒரு நோட்டீசில் நான்கு விதமாக வந்து விழுந்தது. அந்தத் தாள்களுக்கு நான் ஒரு வழி பண்ணினேன்: அத்தை படிக்கப் படிக்க அக்கா மகள் தட்டினாள். அவளுக்கு அந்தத் தும்பிக்கை எழுத்தே புதிது, இரண்டு நோட்டீஸ் முடிவதற்குள் தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டாள். உரைக் கோப்பை அதே எண்ணில் படத்துக்குப் பக்கத்திலேயே சேமித்திருக்கிறோம்.

ஒன்றே ஒன்று மட்டும் ஸ்கேனரில் வரவில்லை. மில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரிய குரூப் போட்டோ, ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கிறது. பிரித்தால் முகங்கள் உரியும். ஃபிரேம் கண்ணாடியோடு வைத்தால், அந்தக் கண்ணாடியின் கனமே இந்த ஸ்கேனருக்கு அதிகம், எல்லா முகமும் புகையாகத் தெரிகிறது. அதைக் காலை வெயில் ஏறும் முன் மொட்டை மாடியில் சாய்த்து வைத்து, மேலே கறுப்புத் துணி பிடித்து, போனில் எடுத்தேன். பெரிதாக்கிக் காட்டியதும் இரண்டாவது வரிசையில் அத்தை விரல் வைத்துவிட்டார், அதற்கப்புறம் அந்த வரிசையில் யார் யார் என்று சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பதினேழு பேரில் பதினொரு பெயர் கிடைத்தது.

கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கின்றன: டெஸ்க்டாப்பில், ஒரு ஹார்ட் டிஸ்கில், ஆவடியில் மாடி வீட்டில் இருக்கும் சித்தப்பா மகனிடம் கொடுத்த பென்டிரைவில். டிரங்குப் பெட்டி பரண் மேல் ஏறிவிட்டது. கொடுங்கையூரில் இருக்கும் பெரிய அத்தையிடமும் ஒரு பை நிறைய நைனாவின் கடிதங்கள் இருக்கின்றனவாம், ஞாயிற்றுக்கிழமை மெஷினையும் ஸ்கேனரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறோம். தாழ்ப்பாளை நேற்றே பூட்டிவிட்டேன், போய் இறங்கியதும் முதல் வேலையாக அதைத் திறக்க வேண்டும்.